ரத்தமும் பஸ் ஏறும்

பெரம்பலூர் பக்கம் காரையில மண்ணைக் கிளறினா சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் உயிர்களோட ஃபாசில் கிடைக்கும். ஃபாசில்ல ஒரு வசதி: எப்படித் தோண்டினாலும் அது தன் கதையை மாத்திச் சொல்லாது. ஆனா உயிருள்ள செல் அப்படியில்லை. நாம கை வெச்ச உடனே அதுக்குத் தெரிஞ்சுடும்.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், காசநோய் வந்தவங்களோட நோய் எதிர்ப்பு செல்கள்ல எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கறது பத்தி. படிக்கப் படிக்க, செல்லை எப்படிப் பிரிச்சாங்கங்கறதுதான் பெரிய கேள்வியா நின்னுது.

வழக்கமான முறை ஃபைக்கால். 1.077 அடர்த்தி உள்ள திரவத்து மேல ரத்தத்தை ஊத்தி சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தினா, லிம்ஃபோசைட்டும் மோனோசைட்டும் நடுவுல நிக்கும். சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும் அடியில போயிடும். வெள்ளணுக்கள்ல பாதிக்கு மேல இருக்கறதே நியூட்ரோஃபில்தான்! 2010-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு, காசநோயாளிகளோட ரத்தத்துல 393 ஜீன் குறிப்புகள் கொண்ட ஒரு அடையாளத்தைக் காட்டுச்சு. அதுல பெரும்பங்கு நியூட்ரோஃபில்லேர்ந்து வந்தது. முழு ரத்தத்தைப் பார்த்ததாலதான் அது கண்ணுல பட்டுச்சு.

திசுவிலேர்ந்து செல் எடுக்கறது இன்னும் சிக்கல். என்ஸைம் போட்டு 37 டிகிரியில கரைக்கும்போது ஃபாஸ், ஜுன் மாதிரி ஜீன்கள் அரை மணி நேரத்துக்குள்ளேயே எகிறும். அது நோயோட குரல் இல்லை, நாம பண்ணின தொந்தரவோட குரல்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. அரியலூர்ல எடுத்த ரத்தம் பஸ்ஸோ ரயிலோ ஏறி சென்னை லேப் போய்ச் சேர அஞ்சு மணி நேரமாவது ஆகும். சென்னைக்காரரோட ரத்தத்தை அரை மணியில பிரிச்சுடலாம். ரெண்டையும் ஒப்பிட்டு "வித்தியாசம் இருக்கு"ன்னு சொன்னா, அது நோயா, பயணமா? இந்தத் தொல்லைக்காக எங்க ஊர் ஆளுங்களை ஆய்விலேயே சேர்க்காம விட்டா அது அதைவிட மோசம்.

வழி இருக்கு. எடுத்த நிமிஷமே ஆர்என்ஏவை அப்படியே நிறுத்தி வைக்கிற ட்யூப் இருக்கு. செல்தான் வேணும்னா, எல்லா சாம்பிளையும் ஒரே நேரம் காக்க வெச்சு, ஒரே முறையில பிரிக்கணும்.

ஜூனியர்ஸ், ஒரு பேப்பர்ல கலர் கலரா ஹீட்மேப் பார்த்தா மயங்கிடாதீங்க. மெத்தட்ஸ் பகுதிக்குப் போய், ஊசி போட்டதுக்கும் பிரிச்சதுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்னு முதல்ல தேடுங்க.