கொடுத்துவைத்தவர்கள்

இறந்தவருக்குச் செய்யும் மரியாதையில் இரண்டு தினுசு உண்டு. சபை கூடித் தீர்மானம் நிறைவேற்றுவது ஒன்று; கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவருவது மற்றொன்று. இரண்டாவதை நினைத்தால் எனக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கால்பந்து ரசிகர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

2020 நவம்பர் 25-ஆம் தேதி, கடல் கடந்து அர்ஜென்டினாவில் மாரடோனா காலமானார். வயது 60. கொரோனா காலம், மைதானத்துக்குள் ரசிகர்களை விடுவதில்லை. அதனால் என்ன? வெளிக்கம்பிகளில் நீல மப்ளர்களைக் கட்டினார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். மறுநாள் ஆளில்லாத மைதானத்தில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவருடைய 10-ஆம் எண் சட்டையோடு வந்து நின்றார்கள். சில நாட்களில் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

மனிதர் உத்தமரல்ல. 1991-ல் போதைமருந்துச் சோதனையில் அகப்பட்டு, தடை விதிக்கப்பட்டு, ஊரைவிட்டே போனவர். ஜனங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவர்கள் கணக்கு வேறு. வடக்கத்திப் பணக்கார ஊர்கள் ஏளனம் செய்த ஏழை நகரம் அது. அதன் குழு முதன்முறையாக இத்தாலிய சாம்பியனானது 1987-ல், அவர் காலில்தான். அந்தச் சமயம் யாரோ ஒருவர் கல்லறைத் தோட்டத்துச் சுவரில், உள்ளே உறங்குகிறவர்களுக்காக எழுதிவைத்தாராம்: 'எதை இழந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது!'

செத்தவர்களுக்காகப் பரிதாபப்பட்ட ஊர் அது. 33 வருஷம் கழித்து, மப்ளரைக் கம்பியில் கட்டிவிட்டு வெறுங்கழுத்தோடு வீடு திரும்பியவன் மனசுக்குள் வேறென்ன சொல்லியிருப்பான்? 'நான் பார்த்தேனப்பா. எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.'