தாழியும் கல்லும்

லம்பா லைனில் எம் தந்தையார் மறைந்த அன்று எழுந்த குறை ஒன்று நெடுங்காலம் எம் உள்ளத்தை அரித்து வந்தது. "என்னைத் தாமிரபரணிக் கரையில் சேர்த்துவிடுங்கள்" என்று அவர் பலகாலும் கூறியதுண்டு. கடல் கடந்து உடலைக் கொண்டு செல்லும் வசதி அன்று எமக்கு இல்லை. தீவின் மண்ணிலேயே அடக்கம் செய்தோம். தந்தை சொல்லைக் காவாத மக்களாயினோமே என வருந்தினோம்.

சில ஆண்டுகள் கழித்து ஊர் சென்றபோது, திருவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் போய் நின்றோம். 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேடு பழந்தமிழரின் ஈமக்காடு. 1876இல் ஜெர்மானிய அறிஞர் யாகோர் அங்கே அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அப்பணியை விரிவாகச் செய்தார். தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. அருகிலுள்ள சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 அளவினது என 2021இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவரும் பசித்திருத்தல் ஆகாது என எண்ணிய அன்பை என்னென்பது!

அவ்விடத்தில் புறநானூற்றின் 256ஆம் பாடல் நினைவில் எழுந்தது. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தருமாறு குயவனை வேண்டுகிறாள். அவனோடு பல சுரம் கடந்து வந்தவள் அவள். பிறந்த ஊரை அவள் கேட்கவில்லை. அவன் அருகில் இடம் கேட்டாள். எம் அன்னையாரும் தீவை விட்டு வர மறுத்து, "அவர் பக்கத்திலேயே எனக்கும் இடம் வையுங்கள்" என்று கூறியதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கிலும் சுவீடனிலும் வாழ்ந்த உழவர், பெரும்பாறைகளை நிறுத்தி, மூடுகல் ஏற்றிக் கல்லறைகள் சமைத்தனர். ஒரே அறையில் பலரை அடுத்தடுத்து வைத்தனர். கல் நிலைத்தது, பெயர்கள் மறைந்தன. பின்வந்த டென்மார்க் மக்கள் அவற்றை 'அரக்கர் அறை' என்றனர். தமிழ்நாட்டிலும் கல்திட்டைகளைப் 'பாண்டவர் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் வழங்குவர். தம் முன்னோரை மறந்தவர், அவ்விடத்தில் வேறு யாரையோ குடியேற்றிவிடுகின்றனர்!

அன்பர்களே, பிறந்த மண்ணில் புதையாமையன்று இழப்பு. பேரன் பெயரறியாமல் நிற்பதே இழப்பு. தீவு திரும்பியதும் தந்தையார் துயிலும் இடத்தில் சிறு கல்லொன்று நாட்டி, அவர் பெயரையும் ஊரையும் தமிழில் பொறித்தோம். பள்ளியில் இந்தி பயிலும் எம் பேரன் எழுத்துக் கூட்டி அதனைப் படித்தான். "லம்பா என்றால் நீளம், இந்த வரிசையில் அடுத்து யார், தாத்தா?" என்று கேட்டான். அவனுக்கு எம் பாட்டனார் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினோம்.