நவம்பரில் வசந்தம் தேடியவர்கள்

மினாசே ஆலயத்து ஊற்றில் தண்ணீர் பிடிக்க பிளாஸ்டிக் கேன்களோடு வரிசை நின்றது. ஒசாகாவுக்கும் கியோத்தோவுக்கும் நடுவே ஷிமாமோட்டோ என்ற சிற்றூர். நாடுகடத்தப்பட்டு 1239-இல் இறந்த பேரரசர் கோதோபாவின் அரண்மனை இருந்த இடம். அவர் நினைவுக்கு 1488-இல் சோகி என்ற கவிஞர், தன் மாணவர்கள் ஷோஹகு, சோச்சோ இருவரோடும் சேர்ந்து நூறு கண்ணிகள் தொடுத்துப் படைத்தார். பலர் சேர்ந்து தொடுக்கும் அந்த ரெங்கா கவிதை மரபின் பிள்ளையான ரெங்குவை, கேமராவையும் சேர்த்துக்கொண்டு தொடுக்கும் குழுவைப் பார்க்க நவம்பர் கடைசியில் போயிருந்தேன்.

மொத்தம் 18 கண்ணிகள். ஒற்றைப்படை இடங்களில் 5-7-5 ஒலிகளில் பாட்டு. இரட்டைப்படையில், 7-7 வரவேண்டிய இடத்தில், அன்றைக்கே அக்கம்பக்கத்தில் நடந்து எடுத்த படம். எது சேரும், எது சேராது என்று தீர்ப்பவர் சபாகி. எழுபதைக் கடந்த அம்மையார், எல்லாருக்கும் ‘சென்செய்’, அதாவது ஆசிரியர். ஒவ்வொரு கண்ணியும் முந்தையதோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தையதைத் தொடவே கூடாது. நம் அந்தாதியில் விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டு எழும். இங்கே விட்டதை விட்டுவிட வேண்டும்.

பாட்டுக்கு இது எளிது. ஆற்றைச் சொல்லாமல் நாணலை மட்டும் சொல்லிவிடலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. நான்காம் இடத்தில் ஊற்றுநீர்ப் படம், ஐந்தில் நிலா. ஆறாம் இடத்துக்கு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அருமையான நாணல் கொண்டுவந்தார். சென்செய் மூலையைத் தொட்டுக் காட்டினார்: விரல்நகம் அளவுக்கு ஆறு மின்னியது. திரும்பிப் போய், லென்ஸைத் திறந்துவைத்து, பின்னணியை மங்கலாக்கி எடுத்துவந்தார். “மங்கலான தண்ணீரும் தண்ணீர்தான்.” மூன்றாவதாக மூங்கிலைப் பின்னணியாக வைத்து எடுத்ததுதான் ஏறியது. இயற்பியலாளர் தெராதா தொராஹிக்கோ ரெங்குவைத் திரைப்பட மொண்டாஜோடு ஒப்பிட்டவர். ஆனால் எடிட்டருக்குக் கத்தரிக்கோல் உண்டு. இந்தக் குழுவில் படத்தின் ஓரத்தை வெட்டக்கூடாது.

பகல் உணவுக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். பதினேழாவது இடம் செர்ரிப் பூவுக்கு உரியது. வசந்தம் வந்தால் மூன்று கண்ணிகளாவது நிற்க வேண்டும். ஆக 16, 18 இரண்டும் வசந்தப் படங்கள்; வெளியிலோ இலையுதிர்ந்த மரங்கள். ஒரு பெண் செர்ரிக் கிளையில் மொட்டு தேடிப் பிடித்து வந்தார். எழுத்தர் சாய்ஜிகியை, அதாவது பருவச்சொல் அகராதியை, புரட்டினார். குளிர்கால மொட்டு, குளிர்காலத்தில்தான் சேரும். தள்ளுபடி.

கடைசியில் அகராதியே வழிவிட்டது. ஊஞ்சல் அதில் வசந்தத்துக்குரிய சொல். பதினாறாவதற்குப் பூங்காவில் ஆளில்லாத ஊஞ்சலைப் படமெடுத்து வந்ததும் மேசையில் சிரிப்பு. பருவம் கண்ணில் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்றால் ஏமாற்று போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலைதழையை மட்டுமே இயற்கை என்று துரத்திக்கொண்டிருந்தவர்களை அது வேறு பக்கம் பார்க்கவைத்தது.

பதினெட்டாவதற்கு மஞ்சள் பட்டாம்பூச்சி. அடைமொழி இல்லாத பட்டாம்பூச்சி வசந்தம். நவம்பரில் பறப்பது குளிர்காலப் பட்டாம்பூச்சி. படம் எதைச் சொல்கிறது? கல்விளக்கின்மேல் அமர்ந்திருந்தது, குளிர்காலத்தைக் காட்டும் எதுவும் அருகில் இல்லை, அதனால் வசந்தம் என்றார் சென்செய். கடைசிக் கண்ணிக்காகக் கூட்டம் காத்துக்கிடக்கக்கூடாது என்பது பழைய வழக்கம். எழுத்தர் உடனே பதிந்துவிட்டார்.

விளக்கின் அடியில் உதிர்ந்த கிங்கோ இலை ஒன்று தெரிந்ததை ரயில்வேக்காரர் அப்போதே பார்த்துவிட்டார். நாணலுக்கு ஒரு நியாயம், பட்டாம்பூச்சிக்கு ஒரு நியாயமா என்று ரயில் நிலையம்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.