இன்னும் ஒரு வெயில்

பொருளொன்றின் தரத்தை அறிய விரும்பும் நாம் பல வேளைகளில் அப்பொருளை விட்டுவிட்டு, அதன்மேல் இடப்பட்ட இலக்கத்தையே பார்த்துத் திருப்தியடைகிறோம். அவ்விலக்கத்தை இட்டவர் யார், எதனைக் கொண்டு இட்டார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கடந்த வைகாசியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கண்ட ஒரு சிறு அட்டையே இக்கேள்வியை என்னுள் எழுப்பிற்று.

தம்பிலுவில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்திக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் மாமா மகன் அவ்வட்டையைத் தன் கையோடு கொண்டுவந்திருந்தார். வெய்ன் கிரெட்ஸ்கி என்னும் பனி ஹொக்கி வீரர் இளைஞராயிருந்த காலத்தில், 1979ஆம் ஆண்டில், கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட அட்டை அது. மிட்டாயும் சுவிங்கமும் விற்றுவந்த அந்நிறுவனத்தின் அட்டைகள் விளிம்பிலே சற்றுப் பிசிருடனேயே வெட்டப்பட்டு வந்தன. ஆகவே பழுதற்ற பிரதி கிடைத்தல் அரிது. 2021ஆம் ஆண்டில், பத்துக்குப் பத்து என மதிப்பிடப்பட்ட ஒரு பிரதி 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று.

இத்தகைய அட்டைகளுக்குத் தரமிடுவதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் உள்ளன. அட்டையின் மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள முறை ஆகிய நான்கினையும் ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரையான ஓர் இலக்கத்தை வழங்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் உறையிலிட்டு முத்திரையிட்டுத் தருவார்கள். மச்சானின் அட்டைக்குக் கிடைத்திருந்தது ஏழு. ஆயினும் ஒரு நிறுவனத்தின் ஏழுக்குச் சந்தையிலே கிடைக்கும் விலை மற்றொன்றின் ஏழுக்குக் கிடைப்பதில்லை. எனவே அதிக பெயர்பெற்ற இன்னொரு நிறுவனத்திற்கு அவர் அதனை அனுப்பினார். உறையோடு அனுப்பி, "ஏழுக்குக் குறையுமாயின் உறையைத் திறக்க வேண்டாம்" என நிபந்தனை விதிக்க இடமுண்டாம். அவ்வாறே செய்தார். அட்டை திறக்கப்படாமலே திரும்பி வந்தது. உறையைக் கண்டதும் அவர்களுக்கு இளக்காரம் ஏற்பட்டிருக்குமென்று எண்ணிய மச்சான், உறையைத் தாமே உடைத்து, வெறும் அட்டையாக மீண்டும் அனுப்பினார். கிடைத்தது ஆறு. முன்னிருந்த ஏழும் உறையோடு போயிற்று.

"அட்டை ஒண்டுதானே மச்சான், ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுறாங்களே?" என்று அவர் அங்கலாய்த்தபோது, திண்ணையிலிருந்த அப்பா சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்பதை நான் மட்டுமே அறிவேன்.

நான் முதன்முறை உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்தபோது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எனக்குச் சிறிதளவிலே தவறியிருந்தது. என் விடைத்தாளைத் திருத்தியவர் சரியாகத் திருத்தவில்லை என்பதில் எனக்கு அன்று ஐயமே இருக்கவில்லை. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்துவிட்டு, வேறொரு கண் என் தாளைப் பார்க்கும், நீதி கிடைக்கும் எனக் காத்திருந்தேன், புத்தகத்தைத் தொடவில்லை.

அவ்வேளை எங்கள் வயலில் சிறுபோக அறுவடை. நெல்லை ஏற்றிக்கொண்டு அப்பாவோடு ஒரு கொள்வனவு நிலையத்துக்குப் போனேன். நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது என்பது அங்கு விதி. கருவி 16 காட்டிற்று, திருப்பிவிட்டார்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோவோமென நான் வற்புறுத்தினேன். தனியார் வியாபாரி ஒருவர் கருவியை எடுக்கவே இல்லை. கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல நெல்லு" என்றார். எனக்கு வெற்றிக் களிப்பு. ஆனால் விலை பேசும்போது, ஈரத்துக்கென மூடைக்கு இரண்டு கிலோ கழிப்பாராம். கிலோவின் விலையும் குறைவாம். எங்கள் நெல் ஈரமானது என்பதை அவரும் அறிந்தேயிருந்தார். இலக்கத்திலே சொல்லாமல் பணத்திலே சொன்னார், அவ்வளவே வேறுபாடு.

அப்பா ஒரு நெல்மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். நன்கு காய்ந்த மணி 'டக்'கென உடையும், அது நசிந்தது. "அவங்க சொன்னது சரிதான். இன்னும் ஒரு வெயில் காயட்டும் மனே" என்று உழவு இயந்திரத்தை வீட்டுக்குத் திருப்பினார். படங்கு விரித்து, இருவருமாக நெல்லைக் கிண்டிக் கிண்டிக் காயவிட்டோம். மறுநாள் முதல் நிலையத்தில் அதே கருவி 14க்குக் கீழே காட்டிற்று.

மீள்பரிசீலனையில் என் பெறுபேறு மாறவில்லை. இரண்டாம் முறை எழுதினேன். இன்று இக்கலைப்பீடத்தில் இருக்கிறேன். திருத்துபவர் தவறார் என நான் கூறவில்லை. மனிதர் மனிதரை மதிப்பிடும் இடத்தில் பிழை நேரும். ஆதலால் மீளப் பார்க்கும்படி கேட்கும் உரிமையும் வேண்டும். ஆனால் என் தாளில் இருந்த ஈரத்தை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் வேறு கருவி தேடினேன்.

அட்டைக்கும் நெல்லுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்திலே கூறவேண்டும். அட்டை அச்சானபின் அது மேன்மையடைதல் இயலாது. மேன்மைப்படுத்த முயல்வது வஞ்சனையாகவே முடியும். ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்போல் வீரரின் பழைய அட்டையொன்று, 1991இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் தரமிட்ட அட்டை என்னும் புகழோடு எட்டுப் புள்ளி பெற்று, 2007இல் 28 இலட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. அதன் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, அதனை முன்பு வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றிலே ஒப்புக்கொண்டார். தரமிட்ட கண்களுக்கு அவ்வெட்டு அன்று தப்பியிருந்தது.

மச்சானின் அட்டையை ஆயிரம்பேர் மதிப்பிட்டாலும் அது 1979இல் வெட்டப்பட்ட அட்டையே. மாணவராகிய நமக்கோ அந்நிலை இல்லை. நமக்கு இடப்படும் இலக்கம் அன்றைய நாளின் ஈரத்தை மட்டுமே சொல்கிறது. அதனை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவதும் தவறு; அதனைப் பொய்யென்று வாசல்தோறும் ஏறி இறங்குவதும் தவறு.

மச்சான் ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது மூன்றாவது நிறுவனமொன்றின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. அட்டையைக் காயவைக்க வெயில் ஏது?