காகிதத்தில் நகர்ந்த குருதி

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ஆட்சி முடிவுறாத காலம் அது. 1958-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கட்டாயப் படைச்சேவைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த டேவிட் வெதரால் என்னும் இளம் மருத்துவர், இங்கிருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனையின் குழந்தைகள் பகுதியில் பணியாற்றினார். நேபாளத்துக் கூர்க்கா வீரர் ஒருவரின் சிறுமகள் அவர் பொறுப்பில் இருந்தாள். பிறர் குருதியை ஏற்றி ஏற்றியே அவள் உயிரைக் காத்துவந்தனர். நோய் இன்னதென்று விளங்கவில்லை.

அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் ஃபிராங்க் வெல்லாவின் துணையை அவர் நாடினார். வடிதாளும் கார் பேட்டரிகளுமே அவர்களுடைய கருவிகள். அவை போதுமாயின. சிறுமிக்கு வந்திருப்பது தலசீமியா என்று கண்டனர். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்து வாழ்வோரின் நோய் என்று கருதப்பட்டு, கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்ற நோய் அது. மலைநாட்டுப் பிள்ளை ஒருத்திக்கு அது வரும் என்று யார் நினைத்தார்?

காகிதமும் மின்சாரமும் இதனை எவ்வாறு சொல்லின என்பதை மாணவர்க்கு விளக்குவது கடினமன்று. சிவப்பணுக்களை உடைத்தால் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் வெளிப்படும். சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் அஃது எதிர்மின்னூட்டம் பெறும். அக்கரைசலில் நனைத்த தாளின் மீது அதனைக் கோடாக இட்டு, இரு முனைகளுக்கிடையே மின்சாரம் செலுத்தினால், புரதம் நேர்மின்முனையை நோக்கி மெல்ல ஊரும். ஊட்டம் மிக்கது முந்தும், குறைந்தது பிந்தும். சில மணி நேரத்தில், ஒரே சிவப்பாகக் கலந்திருந்தவை தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். நம் பாடநூல்கள் இதனை மின்முனைக் கவர்ச்சி என்கின்றன. 'கவர்ச்சி' என்றதும் வகுப்பில் சிரிப்பு எழும். எழட்டும், சொல் மனத்தில் தங்கிவிடும்.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதன் 26-ஆம் மணியாக எதிர்மின்னூட்டமுள்ள குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே நேர்மின்னூட்டமுள்ள லைசின் வந்தமர்ந்தால், அதுவே தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ. தாளின் மீது அது பின்தங்கிவிடும். தலசீமியாவிலோ மணி மாறித் தோன்றுவதைவிடச் சங்கிலியே குறைவாக உருவாவதுதான் பெரும்பான்மை. ஆதலால் பட்டையின் இடத்தோடு அளவையும் நோக்க வேண்டும். ஏ2 என்னும் சிறு பட்டை இயல்பாக நூற்றுக்கு இரண்டரை அளவில் இருக்கும். பீட்டா தலசீமியாக் கூறு உடையவரிடம் அது பெரும்பாலும் மூன்றரைக்கு மேல் உயர்ந்திருக்கும்.

வடிதாளின் காலம் போய்விட்டது. இன்று மயிரிழை போன்ற நுண்குழாய்க்குள் இப்பிரிப்பு சில நிமிடங்களில் முடிகிறது. மின்னூட்டமே இல்லாத துகளும் சீரற்ற மின்புலத்தில் நகரும் என்பதைக் கொண்டு, உயிருள்ள செல்லையும் இறந்த செல்லையும் பிரிக்கும் சில்லுகளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2000-களில் உருவாக்கினர். அது தனிக் கட்டுரைக்குரியது.

வெதராலும் வெல்லாவும் தாம் கண்டதை 1960-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதற்காகப் படைத்துறை மேலிடத்தின் கண்டனத்திற்கு ஆளானதை வெதரால் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. புகழ்பெற்ற படையணியின் பரம்பரையில் குறை உண்டென்று உலகறியச் சொல்லலாமா என்பதே அவர்கள் சினத்தின் சாரம்.

அவ்வதிகாரிகளை எண்ணி நகைப்பது எளிது. ஆனால் அதே சினத்தை நான் தேக்காவில் ஒரு தேநீர்க் கடையில் கண்டேன். எதிரே, புக்கித் தீமா சாலையில், மகளிர் குழந்தைகள் மருத்துவமனை நிற்கிறது. நம் மக்களுக்கு அது 'கே.கே.'தான். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். இவ்வட்டாரத்தின் பழைய மாட்டு வணிகத்தை அப்பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. 1966-இல் மட்டும் அம்மருத்துவமனையின் பழைய கட்டடங்களில் 39,835 குழந்தைகள் பிறந்தன. தேசியத் தலசீமியாப் பதிவகமும் 1992 முதல் கே.கே.யைச் சார்ந்தே இயங்கிவருகிறது.

என் உறவினர் ஒருவர் தம் மகளின் சோதனைத் தாளை மேசைமீது வைத்தார். தலசீமியாக் கூறு உண்டு என்றது தாள். திருமணம் நிச்சயமாகி ஒரு மாதமே ஆகியிருந்தது. "நம்ம பரம்பரையில இப்படி ஒண்ணும் கிடையாது, அண்ணே. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியணுமா?" என்றார்.

கிடையாது என்று எந்தப் பரம்பரை சொல்ல இயலும்? 1952-இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள்செல் கூறு கண்டறியப்பட்டது. மலேரியாக் காய்ச்சல் வாட்டிய நிலங்களில், இத்தகைய கூறுகளுள் ஒன்றை ஒரு பெற்றோர் வழியாக மட்டும் பெற்றவர் அக்காய்ச்சலுக்கு ஓரளவு தப்பினர். அதனாலேயே அவை தலைமுறைதோறும் நிலைத்தன. நாம் குறை என்று மறைப்பது, முன்னோரைக் காத்த கவசத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். பத்துப் பொருத்தம் பார்த்து, நட்சத்திரத்தையும் இராசியையும் கூசாமல் பரிமாறிக்கொள்ளும் நாம் இவ்வொரு தாளை மட்டும் ஒளிப்பது எனக்கு விளங்கவே இல்லை.

உங்கள் மகள் நோயாளி அல்லள். அவளுக்கு இதனால் பெருந்துன்பம் ஏதும் வரப்போவதில்லை என்றேன். மாப்பிள்ளைக்கும் அக்கூறு இருந்தால் மட்டுமே கவலை. அப்போது ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு கடும் நோய்க்கு உண்டு. முதல் குழந்தை தப்பினால் அடுத்ததற்குக் கணக்கு மாறாது. அதையும் கருவிலேயே சோதித்தறிய வழியிருக்கிறது. ஆனால் அவரும் குருதி கொடுத்தால்தானே எதுவும் தெரியும்?

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சோதனைக்கு எவ்வளவு ரத்தம் எடுப்பாங்க?" என்று கேட்டார். ஒரு சிறு குழாய் அளவுதான் என்றேன்.