பரத்பூரில் இரண்டு நாட்கள்

தில்லியிலிருந்து தெற்கே சென்று, வடமதுரையைக் கடந்து, இராஜஸ்தான் எல்லைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர் பரத்பூர். ஊரை ஒட்டினாற்போல் ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில், நீரும் புல்லும் கருவேல மரங்களுமாக விரிந்து கிடக்கிறது கேவலாதேவ் தேசியப் பூங்கா. பள்ளமான நிலத்தில் கரைகள் எழுப்பி, நீரைத் தேக்கி, பரத்பூர் மன்னர்கள் தங்கள் வாத்து வேட்டைக்கென அமைத்துக்கொண்ட இடம் இது. 1985ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. குளிர்காலந்தோறும் இமயத்திற்கு அப்பாலிருந்து இங்கு வரும் பறவைகளைக் காணச் சென்ற மார்கழியில் குடும்பத்துடன் புறப்பட்டோம். எங்கள் மனத்தில் முதன்மையாக இருந்த பெயர் சைபீரியப் பெருங்கொக்கு. இளமையில் அதனைப் பற்றிப் படித்திருந்தோம். இன்றும் வருகிறது என்றே எண்ணியிருந்தோம்.

வாயிலில் மிதிவண்டி ரிக்ஷா ஒன்றை அமர்த்தினோம். இங்கே ரிக்ஷா ஓட்டுபவரே வழிகாட்டியும் ஆவார். மூடுபனி மெல்ல விலக, நீர்ப்பரப்பெங்கும் பறவைகள் தெரிந்தன. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, “பெயர் பிறகு வரட்டும், முதலில் பாருங்கள்” என்றார்.

அவர் கற்பித்த முறை எளியது. அறியாத பறவையைக் கண்டால், அறிந்த பறவையோடு அளந்து பார்க்கவேண்டும்: மைனாவினும் பெரிதா, காகத்தளவா, பருந்தளவா? பிறகு அலகு, பிறகு கால், பிறகு நடையும் நீச்சலும். நிறத்தைக் கடைசியில்தான் நோக்கவேண்டும். வெயிலும் நிழலும் நிறத்தை மாற்றிக் காட்டும். அன்றியும், கோடையில் இறகு உதிர்க்கும் ஆண் வாத்துகள் சில காலம் பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். மார்கழிக்குள் தம் அழகுக்கோலத்தை மீண்டும் பூண்டுவிடும்.

இவ்வாறு பார்க்கத் தொடங்கியதும் கூட்டம் தனித்தனியாகப் பிரிந்தது. கூரிய நீண்ட வாலும், கழுத்தின் பக்கவாட்டில் ஏறும் வெண்கோடும் உடையது ஊசிவால் வாத்து. நுனி அகன்ற அலகால் நீரை அரித்துக்கொண்டே செல்வது தட்டைவாயன். கரிய உடலும் நெற்றியில் வெண்மையும் கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நீந்துவதை வாத்து என்றே நினைத்தோம். அது வாத்தினமன்று, நாமக்கோழி. நெற்றி நாமத்தைக் கண்டபின் அப்பெயரை மறக்க முடியுமா?

அப்போதுதான் தொலைவில், நாணற்புதர் ஓரத்தில், உயர்ந்த வெண்ணிறப் பறவையொன்று நின்றது. “அப்பா, இதுதானே அந்தச் சைபீரியக் கொக்கு?” என்று மகள் கூவினாள். நாங்களும் அவ்வாறே நம்பினோம். பெரியவர் வண்டியை நிறுத்தி, “முகம் சிவந்திருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை. “பறக்கும்போது பாருங்கள்” என்றார். சற்று நேரத்தில் அது எழுந்தது. கழுத்தை மடக்கித் தோளிடையே வைத்துக்கொண்டு பறந்தது. இறக்கையில் கருமை இல்லை. நம் ஊர் ஏரிகளிலும் காணும் பெரிய வெள்ளைக் கொக்குதான் அது. சைபீரியப் பெருங்கொக்கு கழுத்தை நீட்டிப் பறக்கும். இறக்கை நுனிகள் கறுத்திருக்கும். அடுத்துக் கண்ட வெள்ளைப் பறவை கழுத்தை நீட்டித்தான் பறந்தது. ஆயினும் அதன் அலகு கரண்டி போன்றிருந்தது, அது கரண்டிவாயன்.

“அந்தக் கொக்கை நாளை காணலாமா?” என்று கேட்டோம். பெரியவர் உடனே விடை கூறவில்லை. பின்பு, 2002ஆம் ஆண்டோடு முடிந்த குளிர்காலத்தில் ஒரே ஒரு சோடி வந்தது என்றும், அதன்பின் வரவேயில்லை என்றும் சொன்னார். 1960களில் நூற்றுக்கு மேல் வந்தவை அவை. வரும் வழியில் வேட்டையாடப்பட்டும், தங்குமிடமான நீர்நிலைகள் வற்றியும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. அவ்வினத்தின் மற்றொரு பிரிவு சீனத்தின் போயாங் ஏரியில் இன்றும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இந்தியாவுக்கு வந்த கூட்டமே அற்றுப்போயிற்று.

கேவலாதேவர் கோயிலருகே ஒரு கல்வெட்டுத் தொகுதி உண்டு. அக்கால வேட்டைகளின் கணக்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1938 நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் வீழ்த்தப்பட்டவை 4,273 பறவைகள். நாளும் துப்பாக்கிகளின் தொகையும் பறவைகளின் தொகையும் இருக்கின்றன; எந்தப் பறவை எத்தனை என்பது இல்லை. அதன் முன் நின்றபோது, பெரியவரின் மூன்று கேள்விகளின் அருமை எங்களுக்கு விளங்கிற்று. ஒரு வெள்ளைப் பறவைக்கும் இன்னொன்றுக்கும் வேற்றுமை அறியாதவருக்கு, அவற்றுள் ஒன்று வராமற்போனதும் தெரியாது. எங்கும் வெண்மை தெரியும். எல்லாம் இருக்கின்றன என்றே எண்ணிக்கொள்வார்.

இரண்டாம் நாள் மாலை, சாம்பல் நிறப் பறவைகள் சில புல்வெளியில் இறங்கின. பருந்தினும் பெரியவை, மஞ்சள் அலகு, வெண்தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள். பெரியவர் வாய் திறக்குமுன் மகளே, “வரித்தலை வாத்து!” என்றாள். அவர் தலையசைத்தார். திபேத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டு, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்து இமயத்தைத் தாண்டக்கூடிய பறவை அது. அவ்வினத்திற் சில இன்னும் தெற்கே சென்று, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் தங்கும். அதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது.

திரும்பும்போது மகள் குறிப்பேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் எழுதியிருந்தாள். பெரியவர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, “வராததையும் எழுது” என்றார். இருபத்துமூன்றாவது வரியில் அவள் எழுதினாள்: சைபீரியப் பெருங்கொக்கு, காணவில்லை.

பரத்பூர் செல்ல இயலாத அன்பர்கள், குளிர்காலக் காலையொன்றில் தில்லி யமுனைக் கரைக்குச் சென்று, அங்கு வந்திறங்கும் கடற்காகங்களிலிருந்து தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் போதும்.