அக்கா ராகம்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்தே அங்கு விலை படியும்; எந்தச் சொல் எவருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஊரில்தான், ஓசூர் ஆலையில் வேலை பார்க்கும் என் மருமகன் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டான். ஷாக்கிங் ப்ளூ என்னும் டச்சு ராக் குழு 1969-இல் வெளியிட்ட ‘அட் ஹோம்’. ஹேக் நகரத்துக்காரர்கள், ஆனால் காதில் விழுந்ததோ சிதார்! ஓர் உருப்படியின் பெயர் ‘அக்கா ராகா’.

டச்சுக்காரருக்கு ஏது அக்கா? விசாரித்தேன். இயற்றியவர் ஜான் மேயர், கல்கத்தாவில் பிறந்தவர், தாயார் தமிழ்ப் பெண். ஜமெய்க்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டோடு சேர்ந்து, நம் ராகங்களை ஜாஸுடன் இணைத்தவர். அவர்களுடைய 1967-ஆம் ஆண்டுத் தட்டில் இருந்த உருப்படி அது.

“நம் சரக்கைத் திருடிவிட்டார்கள், மாமா!” என்று கொதித்தான் மருமகன்.

எனக்குக் கோபம் வரவில்லை. வயலினை நாம் வாங்கிக்கொள்ளவில்லையா? டச்சுக்காரர்களாவது மேயரின் இசையை வாசித்தார்கள். 2004-இல் லண்டனில் அவர் மறைந்தபோது, அவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?